கௌரவ சட்ட ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில் வாதாடும் மூத்த வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய பெயரை நான் நீதிமன்றத்துக்கு வெளியேதான் அதிகம் பார்க்கிறேன். முதியோர் இல்லத்தின் லெட்டர்பேடில், ரத்த தான முகாம் பேனரில், சிறப்புப் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழில். ‘கௌரவ சட்ட ஆலோசகர்’ என்று போட்டு, பெயர், பி.ஏ., பி.எல்., செல்போன் எண். சிலர் கௌரவத் தலைவர். சிலர் பத்திரப்படியே அறங்காவலர். ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனல் பட்டியலிலும் உங்களில் சிலர் பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் மாதத்தில் எத்தனை மணி நேர வேலை நடக்கிறது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் இருக்கலாம்.

நான் வட மாவட்டம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக வக்கீல் தொழில் செய்கிறேன். சோறு போடுவது பாகப்பிரிவினை வழக்குகளும் வாகன விபத்து இழப்பீடும். கொள்கை பேசிக்கொண்டு சட்ட உதவிக்கு வந்தவள் இல்லை. என் சீனியருக்கு வட்டச் சட்டப் பணிகள் குழுவில் போய் உட்காரப் பிடிக்காது. “நீ போய்ட்டு வாம்மா, கை பழகின மாதிரி இருக்கும்” என்று வழக்குக் கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். நல்ல மனிதர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் நம் பார் அசோசியேஷன்களில் இன்றைக்கும் எழுதாத சட்டம். ஃபீஸ் வரும் வழக்கு சீனியருக்கு. வராத வழக்கு ஜூனியருக்கு, கை பழக.

கை பழகியது உண்மைதான். யாருடைய தலையில் பழகினோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 46-ஆம் விதியை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. ஃபீஸ் கொடுக்க முடியாதவருக்கும் வக்கீல் உதவி பெற உரிமை உண்டு, தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் இலவசமாக உதவுவது வழக்கறிஞர் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது அது. ‘தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு’ என்ற பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தக் கடமை முதலில் யார் தோளில் விழுகிறது? சொந்தமாக அலுவலகமும் காரும் வைத்திருப்பவர் தோளிலா, பஸ் பாஸில் வந்து போகும் பையன் தோளிலா? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் 20,000 ரூபாயும் உதவித்தொகை தரும்படி சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. அதை நம் ஊர்களில் எத்தனை அலுவலகங்கள் கொடுக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாதச் சம்பளம் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, ‘நீ சமூக சேவை செய்’ என்று வழக்குக் கட்டை நீட்டுவதில் பெரிய தர்மம் ஒன்றும் இல்லை.

அனோக்கிலால் வழக்கைப் படித்திருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தில் 2013-இல் நடந்த விசாரணை அது. ஒரு குழந்தையின் கொலை, ஊரே கொதித்துப் போயிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றைக்கே நீதிமன்றம் குற்றச்சாட்டையும் பதிவு செய்தது. இரண்டே வாரத்துக்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விழக்கூடிய வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது பத்து வருட அனுபவம் இருக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. பத்து வருட அனுபவம் யாருக்கு இருக்கிறது? உங்களுக்குத்தான் இருக்கிறது. இலவச வழக்கு சீனியர் செய்ய வேண்டிய வேலை என்று உச்ச நீதிமன்றமே சொன்ன மாதிரிதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். “அதுக்குத்தான் எல்.ஏ.டி.சி. வந்துடுச்சேம்மா.” வந்துவிட்டது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் கொண்டுவந்த இந்தச் சட்ட உதவி வக்கீல் திட்டத்தில், சொந்த வழக்கு எதையும் எடுக்காமல் சட்ட உதவி பெறும் எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, மட்டும் வாதாடும் முழுநேர வக்கீல்கள் மாவட்டத் தலைநகரங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல திட்டம். என்னோடு பேனலில் இருந்த சிலர் அங்கே போய் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஒரே வழக்கில் நாலு எதிரிகள் இருந்து, ஒருவர் மீது இன்னொருவர் பழி போட்டால் நாலு பேருக்கும் அதே அலுவலகம் வாதாட முடியாது. ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, கூலி பாக்கி, பட்டா தகராறு எதுவும் அந்த அலுவலகத்துக்குப் போகாது, பேனலுக்குத்தான் வரும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. கோர்ட் வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் அதில் அடங்கிவிடும். இவ்வளவையும் நாலைந்து முழுநேர வக்கீல்களிடம் விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு நாம் கேண்டீனுக்குப் போக முடியாது.

நீங்கள் வந்தால் என்ன மாறும் என்பதற்கு ஒரு சின்ன வழக்கைச் சொல்கிறேன். கொலையும் இல்லை, ஊர் பேசிய வழக்கும் இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்ய ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மீது செல்போன் திருட்டுப் புகார். ரிமாண்ட் ஆகி, ஜாமீன் மனு போட்டு, ஜாமீனும் கிடைத்துவிட்டது. நிபந்தனை வழக்கம்போல: இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு. நம் கோர்ட்டுகளில் டைப்பிஸ்டுகளின் விரல் தானாக அடிக்கும் வரி அது. அந்த ஆளுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே ரத்த உறவு அவருடைய மனைவியின் வயிற்றில் இருந்த குழந்தை. ஊரிலிருந்து அண்ணனை வரவழைக்கலாம் என்றால் அவருக்கு ரயில் செலவு யார் கொடுப்பது? அப்படியே வந்தாலும் ஜாமீனுக்குக் காட்டும் வீட்டு வரி ரசீது வேறு மாநிலத்து ரசீது. ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மனிதர் கிளைச் சிறையில் இருந்தார்.

நான் பார்க்கப் போனபோது அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. அவருடைய மனைவியோடு சூளையிலிருந்து வந்திருந்த ஒரு பையன் அரைகுறைத் தமிழில் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான். “ஜட்ஜ் விடச் சொல்லிட்டாருன்னா ஏன் விடல?”

சட்டத்தில் இதற்குப் பதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. 1978-இல் மோத்திராம் வழக்கு. ஒரு ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் ஏற்க முடியாது என்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் என்ன செய்வார் என்ற பொருளில் கேட்டிருப்பார். நம் ஆள் வெளியூரில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கேட்ட கேள்வி. இன்றைக்கு வெளியூர் ஆள் நம் ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார், நாம் ரத்த உறவு கேட்கிறோம். அப்புறம் 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் தர வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தாக்கல் ஆகவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம்.

இரண்டு தீர்ப்புகளையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு வைத்தேன். வாய்தா. அரசுத் தரப்பு பதில் மனுவுக்கு இன்னொரு வாய்தா. மாஜிஸ்திரேட் லீவு, பொறுப்பு மாஜிஸ்திரேட், மறுபடியும் வாய்தா. கடைசியில் ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விட்டார்கள். அதே நீதிமன்றத்தில் அதே வாரத்தில், உங்களைப் போன்ற ஒரு சீனியர் எழுந்து இரண்டு நிமிடம் பேசி, வேறொரு வழக்கில் நிபந்தனையை அன்றைக்கே மாற்றி வாங்கிக்கொண்டு போனார். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவர் எழுந்தபோது பெஞ்ச் நிமிர்ந்து பார்த்தது. அந்த மரியாதை முப்பது வருடம் உழைத்து நீங்கள் சம்பாதித்த சொத்து, அதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்தச் சொத்தை மாதம் ஒரு காலை நேரம் ஓர் ஏழைக்காகச் செலவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். பேனல் வக்கீலுக்கு வரும் கட்டணம் ஜெராக்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போய்விடும், அதையும் மறைக்கவில்லை. உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜூனியருக்கு அது ஒரு வாரச் சாப்பாடு.

இனி டிரஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். நான் அந்தப் பக்கம் போனதும் சட்ட உதவி வழியாகத்தான். ஒரு வழக்கில் தாய் மருத்துவமனையில், தகப்பன் சிறையில். பிள்ளைகள் இருந்த இல்லத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அங்கிருந்தவர்கள் கேட்டார்கள்: “மேடம், எங்க போர்டுல ஒரு லேடி மெம்பர் வேணும். வக்கீலா இருந்தா இன்னும் நல்லது.” ஒரே நாற்காலியில் இரண்டு தேவையை முடிக்கும் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது, ஒத்துக்கொண்டேன்.

நீங்களும் இப்படித்தான் போயிருப்பீர்கள். வாசல் கூட ஒன்றாகத்தான் இருக்கும். முதல் கூட்டத்தில் டீயும் போண்டாவும் வரும். மினிட் புத்தகம் வரும். தீர்மானங்கள் ஏற்கனவே எழுதியிருக்கும், ‘விரிவாக விவாதித்து ஏகமனதாக’ என்ற வரி உட்பட. விவாதம் இனிமேல்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பேனா கைக்கு வந்துவிடும். பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்தால் கூட்டம் முடிந்தது. பிறகு லெட்டர்பேடில் உங்கள் பெயர் ஏறுகிறது. மாவட்ட நிர்வாகத்துக்கோ நன்கொடையாளருக்கோ அந்த லெட்டர்பேடு போகும்போது, ‘வக்கீல் சார் இருக்கார், எல்லாம் சரியாத்தான் இருக்கும்’ என்று ஒருவர் நம்புகிறார். உங்கள் பெயர் அங்கே உத்தரவாதமாக வேலை செய்கிறது. ஜாமீன்தாரராக ஒரு கையெழுத்துப் போட ஆயிரம் யோசிக்கிறோம், இங்கே யோசிக்காமல் போடுகிறோம்.

பலருக்கு இந்த ஆலோசகர் பதவி வழக்கு பிடிக்கும் வழியாகவும் இருக்கிறது. டிரஸ்டின் வாடகை வழக்கு, நில வழக்கு, தொழிலாளர் வழக்கு எல்லாம் வீட்டு வாசலுக்கே வரும் என்ற கணக்கு. அதற்கு நடுவில் நம் பார் கவுன்சில் விதிகளில் 8-ஆம் விதி உட்கார்ந்திருக்கிறது. ஒரு சங்கத்தின், நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர் அந்த அமைப்புக்காகவோ எதிராகவோ நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாது. குழுவுக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, பொது நிர்வாகம் அதன் கையில் இருந்தால் அது நிர்வாகக் குழுதான். நீதிமன்றத்துக்கு உதவியாளராக வருவதற்கும், பார் கவுன்சில், பார் அசோசியேஷன் போன்றவற்றுக்காக ஃபீஸ் வாங்காமல் ஆஜராவதற்கும் மட்டும்தான் விலக்கு. ஆக, டிரஸ்டியாக இருந்துகொண்டு அதே டிரஸ்டுக்கு வக்காலத்து போடுபவர்கள் இந்த விதியை ஒரு தடவை எடுத்துப் படிக்க வேண்டும். நான் எங்கள் போர்டில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன்: வழக்கு வந்தால் வேறு வக்கீல், அவருடைய பில்லை நான் சரிபார்ப்பேன். சிலருக்கு அது ஏமாற்றம். இலவச வக்கீல் கிடைத்தார் என்று நினைத்திருந்தார்கள், பில் சரிபார்க்கும் ஆள்தான் கிடைத்தார்.

கூடவே 36-ஆம் விதியையும் படித்துவிடுங்கள். வழக்கறிஞரின் பெயர்ப் பலகையிலும் எழுதுதாள்களிலும் எந்த அமைப்போடும் தனக்குள்ள தொடர்பைக் காட்டக் கூடாது என்கிறது அது. மடித்தால்தான் பாக்கெட்டில் போகும் விசிட்டிங் கார்டுகளை பார் அசோசியேஷன் ஹாலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விதிதான் நினைவுக்கு வரும்.

வக்கீல் ஒருவர் ஓர் அமைப்பில் பொறுப்பு வகித்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சென்னையிலேயே முன்னோடி இருக்கிறார். அரசியல் சட்டம் படித்த எல்லோருக்கும் ‘மதராஸ் மாநிலம் எதிர் வி.ஜி. ராவ்’ வழக்கு தெரியும். அடிப்படை உரிமை மீதான கட்டுப்பாடு நியாயமானதா என்று எப்படிச் சோதிப்பது என்பதற்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறோம். அந்த ராவ் யார் என்று பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. அவர் சென்னை வழக்கறிஞர், மக்கள் கல்விச் சங்கம் என்ற பதிவு பெற்ற சங்கத்தின் பொதுச் செயலாளர். 1950 மார்ச்சில் மதராஸ் அரசு அந்தச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. ராவ் வக்கீலாக அல்ல, மனுதாரராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வருடமே அங்கே வென்றார். அரசு மேல்முறையீடு செய்ய, 1952 மார்ச் 31-இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டவிரோத சங்கம் என்று அரசாணை வந்த நாளில் லெட்டர்பேடிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட அரசாணை உங்கள் டிரஸ்டுக்கு வரப்போவதில்லை. நம்மைச் சோதிக்கும் நேரம் வேறு மாதிரி வரும். பெரும்பாலும் கூட்டத்தின் கடைசியில், ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் வரும்.

ஒரு குழந்தைகள் இல்லம், பெயர் வேண்டாம். மாலை நேரக் கூட்டம். கணக்கு வாசித்தாயிற்று, கட்டட ரிப்பேர் பேசியாயிற்று. எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் மேனேஜர், “இன்னொரு சின்ன விஷயம்” என்றார். ஒரு பையன் சமையல் அக்காவிடம் வேன் டிரைவரைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று மேனேஜர் சொல்லச் சொல்ல யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நிறுவனர் கெட்டவர் இல்லை. தன் வீட்டை விற்று அந்த இல்லத்தைக் கட்டியவர். அவர் சொன்னார்: “அவனை இன்னைக்கே அனுப்பிடலாம். நாமளே விசாரிச்சுக்கலாம். போலீஸுக்குப் போனா பேர் கெட்டுடும், நன்கொடை நின்னுடும். மத்த பிள்ளைங்க எங்கே போகும்?” ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தலையாட்டினார். அவருக்கும் பிள்ளைகள் மீது அக்கறைதான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாகத் தெரியவந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் போலீஸுக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. முதலில் கமிட்டி போட்டு விசாரித்துவிட்டு, பிறகு வசதிப்படி சொல்லலாம் என்று அதில் எங்கும் இல்லை. 21-ஆம் பிரிவுப்படி, தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. இதைப் போனில் எடுத்து அந்த மேஜையில் சத்தமாக வாசித்தேன். விவாதம் முடிய அரை மணி நேரம் ஆனது. “நீங்க வக்கீலா பேசுறீங்க, நாங்க குடும்பமா யோசிக்கிறோம்” என்று ஒருவர் சொன்னார். அந்தப் பையனுக்கு அந்த மேஜையில் இருந்த ஒரே வக்கீல் நான்தான், அவனுக்காகப் பேசுகிறேன் என்று பதில் சொன்னேன். அன்றைக்கு இரவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் சொன்னோம். மேனேஜரோடு நானும் போனேன். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும் என்பது போலீஸின் பொறுப்பு. அது போனதா என்று மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நன்கொடையாளர் நின்றுவிட்டார், அது உண்மை. இல்லம் நடக்கிறது.

அன்றைக்கு அந்த மேஜையில் லெட்டர்பேடு ஆலோசகர் ஒருவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி யோசிக்கிறேன். இருந்திருக்க மாட்டார் என்பதுதான் சரியான பதில்.

மற்றதெல்லாம் வெறும் காகித வேலை, ஆனால் அந்தக் காகிதத்தில்தான் நல்ல அமைப்புகள் சாகின்றன. வருமான வரிப் பதிவைப் புதுப்பிக்க மறந்த டிரஸ்டுகள் எத்தனை! வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50. பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. அந்த வருடம் ஒரு ரூபாய் கூட வரவில்லை என்றாலும் டிசம்பர் 31-க்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கிராமத்தில் இல்லம் நடத்தும் நிறுவனருக்கு இது எப்படித் தெரியும்? ஆடிட்டர் வருடத்துக்கு ஒரு முறை வருவார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருக்கிறதா, குழந்தைகள் இல்லம் சிறார் நீதிச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறதா, நிறுவனரின் மைத்துனரிடமிருந்து வாங்கிய நிலத்துக்கு மதிப்பீடு இருக்கிறதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இதற்குப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. வில்லங்கச் சான்றிதழை வரிக்கு வரி படிக்கும் உங்கள் பழக்கம் போதும். உங்களிடம் வரும் கட்சிக்காரர் சொத்து வாங்கும்போது முப்பது வருட வில்லங்கம் பார்க்கச் சொல்கிறீர்கள். உங்கள் பெயரை ஓர் அமைப்புக்குக் கொடுக்கும் முன் மூன்று வருடக் கணக்கையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால் பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

போர்டில் ரொம்ப நாள் உட்காரவும் வேண்டாம். ஒரே டிரஸ்டில் காலமெல்லாம் இருக்கும் வக்கீல் நிறுவனரின் நண்பராகிவிடுகிறார், அப்புறம் கேள்வி வராது. நான் ஒரு போர்டிலிருந்து விலகும்போது அந்த இடத்துக்கு ஓர் இளம் வழக்கறிஞரைக் கொண்டுவந்தேன். முதல் கூட்டத்திலேயே, “போன கூட்டத்து மினிட்ஸ்ல இந்தத் தீர்மானம் இல்லையே” என்று அந்தப் பெண் கேட்டாளாம். நிறுவனர் எனக்குப் போன் செய்து புகார் சொன்னார்.

இன்னொரு பேச்சும் உங்களிடம் அடிக்கடி கேட்கிறேன். “ஓசின்னா கட்சிக்காரன் மதிக்க மாட்டான்.” சிலர் மதிப்பதில்லை, உண்மை. வாய்தாவுக்கு வராமல் இருப்பார்கள், நாம் சொன்னதை விட்டுவிட்டு டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்பார்கள். ஃபீஸ் கொடுக்கும் கட்சிக்காரரும் அதையேதான் செய்கிறார். இலவசக் கட்சிக்காரரிடம் மட்டும் நமக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது.

நவம்பர் 9 வரப்போகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்த நாள். வழக்கம்போல வளாகத்தில் பேனர் கட்டுவார்கள், பேரணி போகும், மேடையில் இலவசச் சட்ட உதவி பற்றிய அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவைப் பற்றிப் பேச உங்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். பேசுங்கள். பேசி முடித்து இறங்கியதும் ஆணைக்குழுச் செயலாளரின் அறைக்குப் போய் ஒரு கடிதம் கொடுங்கள். இந்த வருடம் இரண்டு சட்ட உதவி வழக்குகளை என் பெயரில் எடுத்துக்கொள்கிறேன், நானே ஆஜராவேன், ஜூனியரை அனுப்ப மாட்டேன் என்று நாலு வரி. டைப்பிங், நகல் செலவு உங்கள் அலுவலகத்துடையது. ஜூனியர் கூட வரட்டும், பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அந்த நாளுக்கும் அவருக்குச் சம்பளம் கொடுங்கள். மாதத்தில் ஒரு நாள் கிளைச் சிறைக்கும் வாருங்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் பட்டியல் கண்காணிப்பாளரிடம் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்திருந்தால், மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவரைப் பிணையில் விட வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கால்குலேட்டர் கூட வேண்டாம்.

பார் அசோசியேஷன் நிர்வாகிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். யார் எந்த டிரஸ்டில், எந்தச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு வையுங்கள். உறுப்பினர்களே எழுதிக் கொடுக்கட்டும், எத்தனை கூட்டத்துக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்து. வெட்கமாக இருக்கும் சிலர் லெட்டர்பேடிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்றால் எங்கள் ஊரில் வேலை செய்யத் தயாராக இருக்கும் இளம் வழக்கறிஞர்கள், பெண்கள் உட்பட, இருக்கிறார்கள். நாலு வரிக் கடிதத்தின் மாதிரியை டைப் செய்து பேனல் அறையில் வைத்திருக்கிறேன். தேதியும் கையெழுத்தும் மட்டும் நீங்கள் போட வேண்டும்.

இப்படிக்கு,
வட மாவட்டத்துப் பேனல் வழக்கறிஞர் ஒருவர்